டமாஸ்கஸில் ஐந்து நாள்: ஹதீஸ் ஓதிக்கொடுத்த பெண்களின் தடம் தேடி

நாள் 1: உமையா பள்ளிவாசல்

ஹமீதிய்யா கடைத்தெருவின் இரும்புக் கூரைக்கு அடியில் கிழக்கு நோக்கி நேரே நடந்தால் ரோமானியர் காலத்து ஜூபிட்டர் கோயில் தூண்கள் வரும். அவற்றைத் தாண்டினால் உமையா பள்ளியின் மேற்கு மதில். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான வாசல் வடக்கே, ஸலாஹுத்தீன் அய்யூபியின் அடக்கத்தலம் உள்ள பக்கம் இருக்கிறது. பெண்களுக்கு முக்காடு வைத்த அங்கியை அங்கேயே தருவார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போகக் கூடாது. லுஹர் பாங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். ஜும்ஆ நாளை இந்த வேலைக்கு ஒதுக்க வேண்டாம்.

உள்ளே போனதும் பலர் கேட்பது, "உம்முத் தர்தா ஓதிக்கொடுத்த இடம் எது?" என்றுதான். அப்படி ஓர் இடத்தை இங்கே காட்ட முடியாது. ஹுஜைமா என்ற இயற்பெயர் கொண்ட இளைய உம்முத் தர்தா ஹி. 81 (கி.பி. 700) வாக்கில் காலமானார். இப்போதுள்ள பள்ளியைக் கலீஃபா வலீது கட்டத் தொடங்கியது 706-இல், முடித்தது 715-இல். உம்முத் தர்தாவின் காலத்தில் இந்த வளாகத்தின் ஒரு பகுதி யஹ்யா நபி பெயரிலான தேவாலயமாகவும் மற்றொரு பகுதி தொழுகை இடமாகவும் இருந்தது. ஆகவே தூணையோ மிஹ்ராபையோ காட்டி "இங்கேதான் உட்கார்ந்தார்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அபூ தர்தா என்ற நபித்தோழரின் இரு மனைவியருக்கும் உம்முத் தர்தா என்றே பெயர். மூத்தவர் நபித்தோழி. மார்க்கச் சட்டம் அறிந்தவராகப் பேர்பெற்று, ஆண்டில் பாதியை டமாஸ்கஸிலும் பாதியை பைத்துல் முகத்தஸிலும் (ஜெருசலேம்) கழித்தவர் இளையவர். கலீஃபா அப்துல் மலிக் அவருடைய மஜ்லிஸில் (ஓதும் அவையில்) வந்து உட்கார்ந்த செய்தியை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். தொழுகையில் ஆண்கள் உட்காரும் முறையில் உம்முத் தர்தா உட்கார்வார், அவர் ஃபகீஹா (மார்க்கச் சட்ட அறிஞர்) என்று இமாம் புகாரி தம் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணின் செயலை அங்கே ஆதாரமாக எடுத்து வைக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே பள்ளியில் 1326 ரமலானில் இப்னு பதூதா உட்கார்ந்திருந்தார். புகாரி முழுவதையும் 14 அமர்வுகளில் கேட்டதாக எழுதுகிறார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்கள் என்பதால் ஓர் அமர்வுக்கு ஐந்நூறு வரும். அது நம் ஊர்ப் பாடம் போல விளக்கம் சொல்லி நடத்துவது அன்று. ஒருவர் விடாமல் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசித்தவர் பிர்ஸாலி. கேட்டு அங்கீகரிக்க வேண்டியவராக நடுவில் உட்கார்ந்திருந்தவர் அல்ஹஜ்ஜார் என்ற முதியவர். அந்தப் பயணத்தில் தமக்கு இஜாஸா (ஹதீஸை அறிவிக்கும் அனுமதி) தந்தவர்களின் பட்டியலில் இப்னு பதூதா இரண்டு பெண்களைச் சேர்க்கிறார். ஒருவர் ஆயிஷா பின்த் முஹம்மது இப்னு முஸ்லிம் அல்ஹர்ரானிய்யா. மற்றவர் ஸைனப் பின்துல் கமால், அப்போது எண்பது வயது. ஹஜ்ஜாரையும் ஸைனபையும் ஐந்தாம் நாள் மறுபடி சந்திப்போம்.

நாள் 2: ளாஹிரிய்யாவும் தாள்களும்

உமையா பள்ளியின் வடமேற்கு மூலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் இரண்டு மதரஸாக்கள் எதிரெதிரே நிற்கின்றன: ஆதிலிய்யா, ளாஹிரிய்யா. ளாஹிரிய்யாவில் மம்லூக் சுல்தான் பைபர்ஸின் அடக்கத்தலம் இருக்கிறது. சுவரின் பொன் மொசைக்கைப் பார்க்கவே பெரும்பாலோர் வருகிறார்கள். ஹதீஸ் கையெழுத்துப் படிகளைத் தேடி வருகிறவர்கள் ஒரு பிழை செய்வதுண்டு. பழைய புத்தகங்களில் "ளாஹிரிய்யா, மஜ்மூஉ இத்தனை" என்று அடிக்குறிப்பு இருக்கும், அதை நம்பி இந்தக் கதவைத் தட்டுவார்கள். படிகள் 1980-களிலேயே உமையா சதுக்கத்திலுள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. பழைய எண் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தாள்கள் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் நாளைய நடை எளிதாகும். காஸியூன் மலையடிவாரத்து ஸாலிஹிய்யாவில் ளியாவுத்தீன் அல்மக்திஸீ (இ. 1245) தம் ஹதீஸ் கல்விக்கூடமான தாருல் ஹதீஸுக்குச் சேகரித்து வக்ஃபு செய்த நூல்கள் பின்னர் அருகிலிருந்த உமரிய்யா மதரஸாவுக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து ளாஹிரிய்யாவுக்கு இறங்கின, கடைசியில் தேசிய நூலகத்துக்கு. சின்னச் சின்ன ஏடுகளை ஒன்றாகத் தைத்த கட்டுகளுக்கு இன்றும் "மஜாமீஉல் உமரிய்யா" என்றுதான் பெயர்.

ஓர் ஏடு என்பது ஒரு ஜுஸ்உ. பெரும்பாலும் இருபது தாள் சுமார், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஹதீஸ்கள் முடிந்தபின் எஞ்சிய இடத்திலும், ஓரத்திலும், முகப்புத் தாளிலும் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பதுதான் ஸமாஉக் குறிப்பு. யார் யார் கேட்டார்கள் என்ற வருகைப் பதிவு அது. அதன் உறுப்புகளை வரிசையாக இப்படிப் படிக்க வேண்டும்.

முதலில் "ஸமிஅ ஜமீஅ ஹாதல் ஜுஸ்இ அலா…" என்று வரும். "இந்த ஜுஸ்உ முழுவதையும் இன்னாரிடம் கேட்டார்" என்று பொருள். "அலா"வுக்கு அடுத்து வரும் பெயர்தான் ஓதிக்கொடுத்தவர், அதாவது முஸ்மிஉ. பெண்ணாக இருந்தால் "அஷ்ஷைகா" என்று தொடங்கும். பிறகு அவருக்கு அந்த நூல் யாரிடமிருந்து கிடைத்தது என்ற தொடர். அடுத்து "பி கிராஅத்தி…", வாசித்தவர் பெயர். அதன்பின் நீளமான பட்டியல். கடைசியில் பெயர்களை எழுதியவர், நாள், இடம், "ஸஹ்ஹ வ ஸபத்த" (சரி, உறுதி) என்ற முடிப்பு. அதற்குக் கீழே முஸ்மிஉ கையெழுத்து.

தப்பு நடக்கும் இடங்கள் நான்கு. புள்ளியில்லாமல் அவசரமாக எழுதிய கையில் "பின்த்"தும் (மகள்) "இப்னு"வும் (மகன்) ஒன்று போலவே தெரியும். பெண்ணை ஆணாகப் படித்து அட்டவணையில் ஏற்றிவிட்டால் அந்தப் பெண் வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடுவார். அடுத்துவரும் வினைச்சொல்லோடோ, "அஷ்ஷைகா" என்ற அடையோடோ ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, "ஸமிஅ"வும் "ஹளர"வும். முதலாவது கேட்டவர். இரண்டாவது, கூட்டிவரப்பட்டு உடனிருந்த சிறு பிள்ளை, வழக்கமாக ஐந்து வயதுக்கு உட்பட்டது. பக்கத்தில் "ஃபிர் ராபிஆ" என்று இருந்தால் நாலாவது வயது நடக்கிறது என்று பொருள். நிறைந்தது மூன்றுதான். இதை நாலு வயது என்று மொழிபெயர்ப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது, "ஃபவ்து". நடுவில் எழுந்து போனவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் எந்தப் பகுதி தவறியது என்று எழுதிவைப்பார்கள். அந்தப் பகுதியை அவர் பின்னாளில் பிறருக்கு ஓதிக்கொடுக்க முடியாது. தூங்கியவர், பேசிக்கொண்டிருந்தவர் என்றுகூடச் சில பதிவுகளில் குறித்திருக்கிறார்கள். நம் கல்லூரி வருகைப் பதிவேடு இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

நான்காவது, கையெழுத்து. பெண் முஸ்மிஉக்குப் பதிலாக "அவர் அனுமதியோடு அவருக்காக எழுதப்பட்டது" என்று வேறொருவர் எழுதியிருந்தால், உடனே எழுதத் தெரியாதவர் என்று முடிவு கட்டுகிறார்கள். தொண்ணூறு வயதில் கண் மங்கியிருக்கலாம், கை நடுங்கியிருக்கலாம். அந்த வரியை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பெயரைத் தேடும்போதும் ஒரு சூட்சுமம் வேண்டும். ஸைனப் பின்துல் கமாலை அட்டவணையில் "பின்த் அஹ்மது" என்று தேட வேண்டும், ஏனெனில் கமாலுத்தீன் தகப்பனாரின் பட்டப்பெயர். ஐந்தாம் நாள் வரப்போகும் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதியின் தகப்பனார் பெயர் முஹம்மது. அப்துல் ஹாதி முன்னோர் பெயர். நேற்று பார்த்த ஹர்ரானிய்யாவும் ஆயிஷா பின்த் முஹம்மதுதான், ஆனால் வேறு ஆள். அதே நாள் வரப்போகும் ஸித்துல் வுஸராஉக்கு வஸீரா என்றும் பெயர் உண்டு. ஒருவர் இரண்டு பேராகவும், இரண்டு பேர் ஒருவராகவும் எண்ணப்படுவது இப்படித்தான்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸாலிஹிய்யாவில் வாழ்ந்த இப்னு அப்துல் ஹாதி (இ. 1503) தம் வீட்டுக்குள்ளேயே ஓதிக்கொடுத்துப் பதிவு எழுதிய ஏடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிள்ளைகள் பெயரோடு, அவருடைய பிள்ளையைப் பெற்ற அடிமைப் பெண் புல்புலின் பெயரும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய வரலாற்று நூல்களில் ஒரு வரிகூட இடம் கிடைக்காத ஆட்கள் இந்த ஓரக் குறிப்புகளில் நாளோடும் இடத்தோடும் நிற்கிறார்கள்.

நாள் 3: ஸாலிஹிய்யா ஏற்றம்

டாக்ஸிக்காரரிடம் "ஜிஸ்ருல் அப்யள்" என்று சொன்னால் போதும், வெள்ளைப் பாலத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து மேலே எல்லாம் நடைதான். காலையில் கிளம்பினால் வெயில் முதுகில் படாது. தடித்த அடியுள்ள செருப்பு வேண்டும், ஏற்றத்தில் பளபளத்த கல் வழுக்கும். கையில் ரொக்கம் வைத்திருங்கள், வெளிநாட்டு அட்டைகளை நம்பி இறங்க வேண்டாம். தொழுகை நடக்கும் கட்டடங்கள் தொழுகை நேரத்தை ஒட்டித் திறந்திருக்கும், மற்றவை பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஆகவே அஸருக்கு முன்பின்னாக மேல்பகுதிக்குப் போய்ச் சேரும்படி திட்டமிடுவது நல்லது.

இந்தத் தெருவில் மதரஸாக்களின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே போனால் வியப்பாக இருக்கும். பாலத்தருகே மாரிதானிய்யா, கட்டியவர் அக்ஷவ்ரா காத்தூன். மேலே அதாபகிய்யா, மோஸுல் ஆட்சியாளர் மகள் தர்கான் காத்தூன் கட்டியது. முர்ஷிதிய்யா, டமாஸ்கஸ் ஆட்சியாளர் முஅள்ளம் ஈஸாவின் மகள் கதீஜா காத்தூன் கட்டியது. கீழே சாரூஜாவில் ஷாமிய்யா, ஸலாஹுத்தீனின் சகோதரி ஸித்துஷ் ஷாம் (இ. 1220) கட்டியது. எல்லாம் அரச குலத்துப் பெண்கள், எல்லாம் வக்ஃபு.

இங்கேதான் பயணக் கட்டுரைகள் வழுக்கி விழுகின்றன. "பெண்கள் கட்டிய மதரஸாக்கள், ஆகவே பெண்கள் படித்த மதரஸாக்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். கட்டிய பெண் வேறு, ஓதிக்கொடுத்த பெண் வேறு. மதரஸாவில் சம்பளமுள்ள ஆசிரியர் பதவி ஆண்களுக்கே போனது. பெண்களின் மஜ்லிஸ்கள் வீட்டிலும், பள்ளிவாசலிலும், தோட்டத்திலும் நடந்தன. வீடு இடிந்துபோகும், தோட்டம் மனையாகும். கல்வெட்டில் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஓதிக்கொடுத்தவர் பெயருக்கு நேற்றைய தாள்களிடம்தான் திரும்ப வேண்டும்.

ருக்னுத்தீன் பக்கம் உள்ள ஸாஹிபிய்யாவில் இந்த இரு வகையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஸலாஹுத்தீனின் இன்னொரு சகோதரி ராபிஆ காத்தூன், இர்பில் ஆட்சியாளர் முளஃப்பருத்தீன் கோக்புரியின் மனைவி. விதவையாக டமாஸ்கஸ் திரும்பிய அவரோடு நெருக்கமாக இருந்தவர் அமத்துல் லதீஃப், ஹன்பலி சட்டப்பிரிவின் ஆலிமா (அறிஞர்), நூல்கள் எழுதியவர். ஹன்பலிகளுக்கு ஒரு மதரஸா கட்டச் சொல்லி ராபிஆவின் மனத்தைத் திருப்பியவர் இவரே. கட்டி முடித்ததும் முதல் பாடத்தைத் தொடங்கியவர் அமத்துல் லதீஃபின் தகப்பனார் நாஸிஹ். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர் ராபிஆ. யோசனை மகளுடையது, பணம் இளவரசியுடையது, பதவி தகப்பனாருடையது.

1245-இல் ராபிஆ இறந்ததும் அமத்துல் லதீஃபின் சொத்தைப் பறித்து, அவரைச் சிறையில் வைத்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பின் வெளியே வந்து ஹிம்ஸ் ஆட்சியாளரை மணந்து ஊரைவிட்டுப் போனார். அவர் பெயரில் ஒரு தாருல் ஹதீஸும் இருந்தது, "ஆலிமா" என்றே அதற்குப் பெயர். ஸாஹிபிய்யாவின் வாசலில் மேலே பார்த்தால் கல் தேன்கூடு போலச் செதுக்கிய முகர்னஸ் இருக்கிறது. அங்கே நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னும் மேலே ஹனாபிலா பள்ளி. உமையா பள்ளியைச் சிறிதாக்கிக் கட்டியது போன்ற அமைப்பு: முற்றம், மூன்று நீளப் பகுதிகளாகப் பிரிந்த தொழுகைக் கூடம். 1202-இல் தொடங்கி, முளஃப்பருத்தீனின் பணத்தில் முடிந்ததால் முளஃப்பரீ பள்ளி என்றும் சொல்வார்கள். இதைக் கட்ட முனைந்தவர்கள் பனூ குதாமா குடும்பம். சிலுவைப் போர்க்காரர்களின் ஆட்சியிலிருந்து தப்பி நாப்லூஸ் பக்கத்து ஜம்மாஈல் கிராமத்திலிருந்து 1156 வாக்கில் வந்தவர்கள். ஒரே மலைச்சரிவில் உறவுமுறையாக வாழ்ந்தார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். பள்ளி, மதரஸா, வீடு எல்லாம் கூப்பிடு தூரம். பெண்பிள்ளையை ஹதீஸ் மஜ்லிஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வெளியூர் போகவே வேண்டியதில்லை. டமாஸ்கஸின் பெண் முஹத்திஸாக்களில் (ஹதீஸ் அறிவிப்பாளர்களில்) இத்தனை பேர் "மக்திஸிய்யா", "ஸாலிஹிய்யா" என்ற அடையோடு வருவதற்கு இந்தத் தெருவின் நெருக்கமே பெரிய காரணம் என்று படுகிறது.

நாள் 4: வெள்ளி

ஜும்ஆவால் பாதி நாள் கதவடைப்பு. ஸாலிஹிய்யாவின் ஷேக் முஹ்யித்தீன் சந்தையில் நடந்தாலே போதும். சூஃபி ஞானி இப்னு அரபியின் அடக்கத்தலம் உள்ள பள்ளி வழியில் இருக்கிறது. அந்தலூஸில் (முஸ்லிம் ஸ்பெயின்) இளமைக் காலத்தில் தமக்கு வழிகாட்டிய இரு பெண்களைப் பற்றி, குர்துபாவின் ஃபாத்திமா, மர்ஷானாவின் ஷம்ஸ், அவரே எழுதியிருக்கிறார்.

இந்தப் பகுதியைச் சேர்ந்த ஆயிஷா அல்பாஊனிய்யா (இ. 1517) ஹதீஸ்காரர் வரிசையில் சேராதவர். கவிஞர், சூஃபி. எட்டு வயதில் குர்ஆன் மனனம். நபிபுகழ் பாடும் பதீஇய்யா ஒன்று இயற்றினார். ஒவ்வொரு பைத்திலும் (செய்யுளிலும்) ஓர் அணி அமைய வேண்டும், நூற்றுக்கு மேற்பட்ட பைத்துகள், அதற்குத் தாமே உரையும் எழுதினார். அணியிலக்கணத்தை எடுத்துக்காட்டுச் செய்யுளோடு படித்த தமிழ் வாசகருக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1513-இல் மகனோடு கெய்ரோ போகும் வழியில் பில்பைஸ் பக்கம் கொள்ளையர் பிடித்ததில் கையோடு கொண்டுபோன நூல்கள் பறிபோயின. தாளை நம்பிய கல்விக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து.

நாள் 5: ஒரு சங்கிலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தல்

இன்று நடை குறைவு. காஸியூன் சரிவில் ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒரு கணக்கு.

இமாம் புகாரி இறந்தது ஹி. 256. இந்தச் சரிவிலே வாழ்ந்த ஆயிஷா பின்த் அப்துல் ஹாதி இறந்தது ஹி. 816 (கி.பி. 1413). இடையே 560 ஹிஜ்ரி ஆண்டு. புகாரியின் நூலை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுவந்த சங்கிலியில் இடையில் எத்தனை பேர்? ஆறே பேர்: ஃபிரப்ரீ, ஸரக்ஸீ, தாவூதீ, அபுல் வக்து, ஸபீதீ, ஹஜ்ஜார். ஆளுக்குச் சராசரி எண்பது, தொண்ணூறு ஆண்டு எப்படி நிரம்பியது?

பிள்ளையையும் கிழவரையும் சேர்த்து வைப்பதுதான் தந்திரம். தாவூதீ பிறந்தது 374, அவர் ஆசிரியர் ஸரக்ஸீ இறந்தது 381. ஏழு வயதுப் பையன். அந்தத் தாவூதீ கிழவரானபோது, ஹிராத்திலிருந்து தகப்பனார் நடத்தியும் தோளில் தூக்கியும் கொண்டுவந்த சிறுவன் அபுல் வக்து. ஸபீதீ டமாஸ்கஸில் ஓதிக்கொடுத்தது 630-இல், மறு ஆண்டே இறந்தார். அந்த மஜ்லிஸில் இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் ஆறு வயது ஸித்துல் வுஸராஉ. மற்றவர் ஹஜ்ஜார்.

ஹஜ்ஜார் வளர்ந்து கல் கொத்தும் வேலைக்குப் போனார். தாம் சிறுவயதில் புகாரி கேட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. 706-இல் ஹதீஸ்காரர்கள் பழைய ஏடுகளின் வருகைப் பதிவில் அவர் பெயரைக் கண்டுபிடித்தார்கள். ஸபீதீயிடம் கேட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் கூட்டம் மொய்த்தது. இறப்பதற்குள் புகாரியை எழுபது தடவைக்கு மேல் ஓதிக்கொடுத்துவிட்டார். ஸித்துல் வுஸராஉவையும் கெய்ரோவுக்கு அழைத்து ஓதச் சொன்னார்கள். 716-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார்.

730-இல் ஹஜ்ஜார் இறப்பதற்கு முன், நாலாவது வயது நடக்கும் பிள்ளையாக அவரிடம் கொண்டுவரப்பட்டவர்தான் இந்த ஆயிஷா. பிறகு 86 ஆண்டு வாழ்ந்தார். அவரிடம் கேட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி மிச்சம், கண்ணி குறையக் குறையத் தொடருக்கு மதிப்பு. ஆண்பிள்ளைக்கு இதே வாய்ப்பு இருந்தாலும், நடுவயதில் காழிப் பதவி, பயணம், அரசியல் என்று அவன் போக வேறு வழிகள் இருந்தன. பெண்ணுக்கு அந்த வழிகள் அடைத்திருந்தன, இந்த ஒரு வழி திறந்திருந்தது. ஆகவே இதைப் பொற்காலம் என்று மட்டும் பாடுவதும், ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் இரண்டும் அவசரம். அறிவிப்பதில் ஆணுக்குச் சமம், பதவியில் இல்லை.

ஸைனப் பின்துல் கமால் வேறு மாதிரி. பிறந்தது 646. பக்தாதின் அஜீபா என்ற மூதாட்டி இறந்தது 647. கைக்குழந்தைக்காக வீட்டார் எழுதிக் கேட்டு அஜீபாவிடம் இஜாஸா வாங்கிவைத்தார்கள். அலெக்சாந்திரியாவின் ஸிப்துஸ் ஸிலஃபீயிடமிருந்தும் அப்படியே. இது கேட்டது அன்று, எழுத்தால் வந்த அனுமதி. ஸமாஉவை விட ஒரு படி கீழே. எழுதும்போது இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஒட்டகச் சுமை அளவு ஏடுகளை அறிவிக்கும் உரிமை அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். மணமுடிக்கவில்லை. மாணவர்கள் நாளின் பெரும்பகுதி எதிரே உட்கார்ந்து வாசித்தாலும் சலிக்காமல் இருப்பார். 94 வயதில், ஹி. 740-இல் இறந்தார்.

கெய்ரோவின் ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானீ 1400-இல் டமாஸ்கஸ் வந்து சுமார் நூறு நாள் தங்கி, ஆயிஷாவிடமும் அவர் சகோதரி ஃபாத்திமாவிடமும் ஓதினார். அவர் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தைமூர் படை வந்து நகரத்தை எரித்தது. ஃபாத்திமா அந்த ஆண்டே இறந்தார்.

காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் புகாரி ஷரீஃப் மஜ்லிஸில் உட்கார்ந்தவர்களுக்கும், மதரஸாவில் புகாரி முடித்துச் சனது (அறிவிப்பாளர் தொடர் கொண்ட சான்று) வாங்கியவர்களுக்கும் ஒரு வேலை. ஷாஹ் வலியுல்லாஹ் வழியாக வரும் இந்தியச் சனதை எடுத்து மேலிருந்து எண்ணுங்கள். புகாரி, ஃபிரப்ரீ, ஸரக்ஸீ, தாவூதீ, அபுல் வக்து, ஸபீதீ, ஹஜ்ஜார் என்று வந்து, அடுத்து தனூகீ, பிறகு இப்னு ஹஜர் என்று இருக்கும். தனூகீ நிற்கும் அதே படியில்தான் ஆயிஷாவும் நிற்கிறார்.